அண்ணாச்சியின் கேரம் பலகை



மாதுங்காவில் நம் மன்றத்திற்கு ஒரு மாலையேனும் வந்து சென்றவர்கள் அண்ணாச்சியை அறியாதிருக்க முடியாது. தமது 76-ஆம் வயதில் அவர் சென்ற மாதம் காலமானார். இப்பகுதியில் வழக்கமாக இடம்பெறும் செய்திகளை ஒதுக்கிவிட்டு இம்மாதம் அவரைப் பற்றியே எழுதுகிறேன்.

அவர் நெல்லைச் சீமையினர். 1915-இல் தொடங்கப்பெற்ற மாதுங்கா இரயில்வே தொழிற்சாலையில் ஃபிட்டராக உழைத்து ஓய்வு பெற்றவர். மன்றத்தில் எப்பதவியும் வகித்ததில்லை. ஆண்டுக் கூட்டங்களில் கடைசி வரிசையில் அமர்ந்து காப்பி வரும் வரை பொறுமை காப்பார். ஆயினும் மாலையில் அவர் வந்து விளக்கைப் போட்ட பின்னர்தான் மன்றம் திறந்ததாக நாங்கள் கொள்வோம்.

பம்பாய் மழைக்காலத்தில் கேரம் பலகை ஈரம் குடித்துவிடும். போரிக் பவுடர் கட்டிதட்டும். அடித்த காய் பாதி வழியில் நின்றுவிடும். அண்ணாச்சி ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து, தகர மூடியிட்ட விளக்கைப் பலகைக்கு மேல் தாழ இறக்கிச் சூடேற்றி, பழைய வேட்டித் துணியால் துடைத்து வைப்பார். சிவப்பைக் குழியில் தள்ளிய சிறுவன் அடுத்து தன் காயைத் தள்ளத் தவறினால், விதிப்படி சிவப்பு மீண்டும் நடுவிற்கு வந்துவிடும் அன்றோ? அவன் முகம் வாடினால், "அழாதல, செவப்பு எங்கயும் போயிராது, நடுவுலதான இருக்கு!" என்பார்.

மாதுங்காவிற்கும் தாராவிக்கும் இடையே கிடப்பது மத்திய இரயில்வேயின் இருப்புப்பாதைதான். இப்பக்கம் தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் கற்று அலுவலக வேலைக்கு வந்தோரின் குடும்பங்கள். 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கமும் 1952-இல் ஷண்முகானந்த சபையும் கண்ட பெருமை உடையவை. அப்பக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே நெல்லைச் சீமையிலிருந்து வந்து தோல் பதனிடும் தொழிலில் உழைத்தவர்களின் வழித்தோன்றல்கள். இரு திறத்தாரும் பேசுவது தமிழே. ஆனால் ஒருவர் வீட்டு விசேஷத்திற்கு மற்றவர் செல்வது அருமை.

நான் புதிதாக வேலைக்கு வந்திருந்த சமயம், தாராவிச் சிறுவர் சிலரை அண்ணாச்சி ஆட அழைத்து வந்தார். சந்தா செலுத்தாதவர் பலகையைத் தொடலாகாது என்று சிலர் சொன்னார்கள். சந்தா ஒரு சாக்கு என்பது எல்லோருக்கும் தெரியும். அண்ணாச்சி வாதாடவில்லை. அடுத்த ஞாயிறு தம் சொந்தப் பலகையைத் தலையில் சுமந்துகொண்டு அப்பக்கம் போய்விட்டார். நல்ல ஆட்டக்காரர்கள் அங்கேதான் இருந்தார்கள். ஆட்டத்தின் ருசி கண்டவர்கள் ஒருவர் பின் ஒருவராக அவரைத் தொடர்ந்தனர். நாலைந்து மாதங்களில் மன்றத்தில் ஆள் குறைந்தது. பிள்ளைகளுக்குச் சந்தா வேண்டுவதில்லை என்று செயற்குழு தீர்மானித்தது. கூட்டத்தில் வாய் திறவாத ஒருவர் செயற்குழுவை இவ்வாறு வழிக்குக் கொண்டுவந்ததை எண்ணும்போது இன்றும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

அப்போது தொடங்கிய இன்னொரு பழக்கமும் நிலைத்தது. ஞாயிறு காலைகளில் எழுதத் தெரியாதவர்களுக்கு விண்ணப்பங்கள் எழுதிக் கொடுப்பார்: ரேஷன் அட்டை, ஓய்வூதியம், பள்ளிச் சேர்க்கை. 2020 மார்ச்சில் பயணிகள் வண்டிகள் நின்றுபோய், மே முதல் தேதியிலிருந்து தொழிலாளர்களுக்கெனச் சிறப்பு வண்டிகள் விடப்பட்டபோது, ஊர் திரும்ப விரும்பியவர்கள் காவல் நிலையத்தில் விண்ணப்பம் தர வேண்டியிருந்தது. கொள்ளைநோய்க்கு அஞ்சி மகன் தடுத்தும் கேளாமல், முகக் கவசத்துடன் மாடிப்படியில் அமர்ந்து அண்ணாச்சி எழுதினார். வீட்டினர் அதற்காக அவரைக் கடிந்துகொண்டது நியாயமே என்றுதான் நான் சொல்வேன். ஆயினும் அன்று அவர் எழுந்து போயிருந்தால் அத்தனை பேருக்கும் வேறு யார் எழுதிக் கொடுத்திருப்பார்கள்?

பலகையை அவர் மருமகள் மன்றத்திற்கே அனுப்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மேசைதான் காலியாயிருக்கிறது. சென்ற வாரம் மூவர் படிவங்களுடன் வந்து, சற்று நேரம் நின்றிருந்து, திரும்பிச் சென்றனர். ஆங்கிலமும் மராத்தியும் எழுத வல்ல நால்வர் முன்வந்தால், ஒருவருக்கு மாதம் ஒரு ஞாயிறே வரும். முதல் ஞாயிற்றை நான் ஏற்றுக்கொண்டிருக்கிறேன். ஏனைய மூன்றுக்கும் பெயர் கொடுக்க விரும்பும் அன்பர்கள் மாலையில் மன்றத்திற்கு வந்து சொல்லலாம்.