முதலில் கூரை குளிரட்டும்

செட்டிநாட்டுக் கல்லல் வட்டாரத்துக் கிராமப் பள்ளியில் பங்குனி மாதப் பிற்பகல் 2 மணிக்கு உட்கார்ந்து பார்த்தால் தெரியும். காலையிலிருந்து வெயிலைக் குடித்த கான்கிரீட் தளம் அந்த நேரத்தில் சூட்டை உள்ளே இறக்கத் தொடங்கும். மேற்குச் சுவரோரம் இருக்கும் பிள்ளைகளை டீச்சர் நடுவுக்கு நகர்த்துவார். மின்விசிறி சுற்றும், ஆனால் தளத்துச் சூட்டைத்தான் தலையில் கொட்டும். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்த பிள்ளை நோட்டின் மேலேயே கண்ணயரும். அதைச் சோம்பல் என்று அதட்டுவது அநியாயம்.

வெப்ப அலையை 2024இல் மாநிலப் பேரிடராக அறிவித்தது தமிழக அரசு. 2023, 2024 இரு ஆண்டுகளிலும் வெயிலால் பள்ளித் திறப்பு தள்ளிப்போனது. திறப்பைத் தள்ளிவைக்கலாம், கூரைச் சூட்டைத் தள்ளிவைக்க முடியாது.

இதற்கு வழி தெரியாத சீமையா இது? செட்டிநாட்டு வீடுகளில் கனத்த சுவர், உயர்ந்த கூரை, அடுக்கி வேய்ந்த நாட்டு ஓடு, வெப்பக் காற்றை மேலே விடும் முற்றம், காலுக்குக் குளுமை தரும் ஆத்தங்குடிக் கல் என ஒவ்வொன்றும் வெயிலை வெளியே நிறுத்தக் காசு போட்டுச் செய்தவை. அதே ஊரில், அரசுப் பணத்தில் எழும் வகுப்பறை மட்டும் ஏன் அடுப்பாகக் கொதிக்க வேண்டும்?

பணம் ஒதுக்கப்படாமல் இல்லை. பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்துக்கு ஐந்தாண்டுகளில் ரூ.7,000 கோடி என 2022இல் அறிவிக்கப்பட்டது. 300 பசுமைப் பள்ளிகளில் குளிர் கூரை அமைக்கவும் அரசு முன்வந்தது. வரவேற்கிறோம். ஆனால் தமிழகத்தில் அரசுப் பள்ளிகள் 37,000க்கும் மேல். மற்ற பள்ளிகள் எதை நம்பி இருக்கின்றன? 31 முதல் 100 பிள்ளைகள் வரை படிக்கும் பள்ளிக்கு ஒன்றிய அரசின் சமக்ர சிக்‌ஷா மானியம் ஆண்டுக்கு ரூ.25,000. சாக்பீஸ் முதல் சில்லறைப் பழுது வரை அதற்குள் முடித்துக்கொள்ள வேண்டும். அந்தத் திட்ட நிதியிலேயே 2024-25க்கான ரூ.2,152 கோடியை ஒன்றிய அரசு நிறுத்திவைத்ததையும் பார்த்தோம். ஆகவே, மாநில அரசு தன் பட்ஜெட்டிலேயே பள்ளிக் கூரைகளைக் குளிரவைக்கத் தனித் தலைப்பு திறக்க வேண்டும்.

செலவிலும் ஒரு வரிசை வேண்டும். முதலில் தளம்: ஒழுகலை அடைத்து, தட்டோடு பதித்து, வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சு. அடுத்து காற்றோட்டமும் மேற்குச் சுவருக்கு நிழலும். பிறகு விசிறி. பழைய விசிறி சுமார் 75 வாட் இழுக்கும்; மின்சிக்கன பிஎல்டிசி விசிறிக்கு 30 வாட் போதும். சூரியத் தகடு அதற்குப் பின்னால் வரட்டும். தகடு மின்சாரம் தரும். கொதிக்கும் தளத்தின் கீழ் அந்த மின்சாரமும் வெந்த காற்றைத்தான் சுழற்றும்.

“கரன்ட் பில்லில் எவ்வளவு மிச்சம்?” என்று நிதித்துறை கேட்கும். ஒளிக்காமல் சொல்வோம்: ஒரு விசிறிக்கு நாளுக்கு 6 மணி நேரம், ஆண்டுக்கு 200 நாள் என்று கணக்கிட்டால் 54 யூனிட்தான் மிச்சம். போட்ட முதல் பில்லிலேயே திரும்ப வேண்டும் என்றால் இந்தத் திட்டம் ஒருநாளும் தேறாது. மிச்சமாவது பிள்ளைகளின் பிற்பகல். கணக்கு அதில் தொடங்கட்டும்.

“இடியும் கட்டடங்கள் இருக்க, குளுமை ஒரு கேடா?” என்றும் கேட்பார்கள். இடியும் கட்டடத்துக்கே முதலிடம். அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் பழுது பார்க்க ஆள் ஏறும் அதே நாளில் பூச்சையும் முடித்துவிடலாம். புதுக் கட்டடத்தில் ஜன்னலை வடக்கு தெற்காக வைக்கக் கூடுதல் செலவும் இல்லை. மதிப்பீட்டில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

தெலங்கானா 2023இல் குளிர் கூரைக்கென்றே கொள்கை வகுத்தது. பள்ளிக் கட்டடங்களின் மின்சிக்கனத்துக்காக அமெரிக்கா 2021 சட்டத்தில் 50 கோடி டாலர் ஒதுக்கியது. பூச்சைச் சோதித்துச் சொல்ல நம்மிடமும் ஆள் இருக்கிறது: அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் தந்து காரைக்குடிக்கு வரவழைத்த மின்வேதியியல் ஆய்வு நிலையம் 1953 முதல் பக்கத்திலேயே இயங்குகிறது.

கல்லல் ஒன்றியத்திலிருந்தே தொடங்கலாம். ஒவ்வொரு வகுப்பறையிலும் ஒரு வெப்பமானி மாட்டி, பிற்பகல் 2 மணி அளவைப் பிள்ளைகளே பலகையில் எழுதட்டும். பூச்சுக்கு முன் எத்தனை டிகிரி, பின் எத்தனை டிகிரி என்பதை வைத்து அடுத்த ஆண்டு ஒதுக்கீடு நடக்கட்டும். வரும் பங்குனிக்குள் முதல் தளம் வெள்ளையாக வேண்டும்.