எழுபது வார்டுகளுக்கு எழுபது தொலைநோக்கிகள்

கட்டணம் வாங்கிக்கொண்டு ஏலகிரிக்கும் கொல்லிமலைக்கும் அழைத்துச் சென்று நக்ஷத்திரங்களைக் காட்டும் முகாம்கள் பெருகிவரும் இந்நாளில், ‘தாம்பரத்து ஆகாயத்தில் பார்ப்பதற்கு என்ன மிஞ்சியிருக்கிறது?’ என்று படித்தவர்களே கேட்கத் துணிந்திருப்பது, வானசாஸ்திரத்தைச் செல்வர்களின் விநோதமாகச் சுருக்கிவிடும் விபரீதத்தின் ஆரம்பம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஜி.எஸ்.டி. சாலையின் விளக்குகளும், ஏரிக்கரைகளின் விளக்குகளும் பால்வீதியை நம் கண்ணினின்று மறைத்துவிட்டது உண்மையே. ஆனால் சந்திரனின் பள்ளங்களையும், வியாழனைச் சுற்றும் நான்கு பெரிய சந்திரர்களையும், முப்பது மடங்கு பெருக்கினாலே புலப்படும் சனியின் வளையத்தையும் எந்த விளக்கும் மறைப்பதில்லை. 1968-இல் வானியல் ஆர்வலர் ஜான் டாப்சனின் கூட்டத்தார் சான்பிரான்சிஸ்கோ நகர நடைபாதைகளில் தொலைநோக்கியை நிறுத்தி வழிப்போக்கர்களை அழைத்தது இதை அறிந்துதான்.

அவ்வளவு தூரம் போவானேன்? நுங்கம்பாக்கத்துச் சென்னை வானாய்வுக்கூடத்தில் பணியாற்றி, 1867-இல் ‘ஆர் ரெடிகுலி’ என்னும் ஒளிமாறும் நக்ஷத்திரத்தைக் கண்டறிந்து, 1872-இல் லண்டன் ராயல் வானியல் சங்கத்தின் உறுப்பினரான சிந்தாமணி ரகுநாதாச்சாரியார், அந்தப் பெருமையோடு அமர்ந்துவிடவில்லை. 1874 டிசம்பர் 9-இல் சுக்கிரன் சூரியபிம்பத்தைக் கடக்கவிருந்தபோது, அதன் காரணத்தைச் சாமானிய ஜனங்களும் அறியும்பொருட்டு, இந்திய பாஷைகளிலும் சிறுநூல் வெளியிட்டார். மின்விளக்கும் வானொலியும் இல்லாத காலத்தில் ஒரு தனிமனிதர் செய்ததை, ஒரு மாநகராட்சி செய்யக்கூடாதா?

கோட்டூர்புரத்தில் 1988 முதல் கோளரங்கம் இருக்கிறது, ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வுக்கூடம் இருக்கிறது என்பார்கள். கோளரங்கம் காட்டுவது கூரையின் மீது விழும் பிம்பம், பிரத்தியட்சம் அன்று. காவலூரிலோ 2.3 மீட்டர் பெருந்தொலைநோக்கி ஆராய்ச்சியாளருக்கே உரியது. பொதுஜனங்களுக்குக் காட்டிவந்தது ஆறு அங்குலக் கருவியைத்தான். மொட்டைமாடியில் நிறுத்தக்கூடிய ஆறு அங்குலத்திற்காகப் பீர்க்கன்கரணைச் சிறுவன் ஜவ்வாது மலை ஏற வேண்டுமா? வாங்கிய கருவி மூலையில் தூசி படியும் என்று சிலர் சொல்வர். அது நிர்வாகத்தின் குற்றமேயன்றி வானத்தின் குற்றம் அன்று.

2025 செப்டம்பர் 7 இரவு, கருவி எதுவும் வேண்டாத பூரண சந்திரகிரகணம் 82 நிமிஷம் நிகழ்ந்தது. அன்று கோயில்கள் நடை சாத்தியதைக் குறைகூறிப் பயனில்லை. அறிவின் நடையைத் திறந்துவைக்க வேண்டிய பள்ளிகளும் பூட்டிக் கிடந்தால் ஜனங்கள் எங்கே போவார்கள்?

2021-இல் உருவான தாம்பரம் மாநகராட்சிக்கு எழுபது வார்டுகள். வார்டுக்கு ஒரு தொலைநோக்கியும், அதை இயக்கப் பயின்ற ஓர் ஆசிரியரும், மாதந்தோறும் வளர்பிறை அஷ்டமியை ஒட்டி ஒரு மாலையும் போதும். ஏரிக்கரை விளக்குகளுக்குச் செலவிடுவதில் சிறு பங்கு இதற்குத் தாராளம். இதைச் செய்தால் பத்தே ஆண்டுகளில் கிரகணபயமும் ஜாதகப் பித்தும் இப்பகுதியை விட்டு அகலும். அடுத்த ரகுநாதாச்சாரியும் சேலையூரிலோ செம்பாக்கத்திலோ தோன்றியே தீருவார்.