பூனை வீட்டில், நீங்கள் விமானத்தில்: சாவியை யாரிடம் கொடுப்பது?

டிக்கெட் போட்டாயிற்று. வேலையில் விடுப்பும் கிடைத்துவிட்டது. அதற்கப்புறம்தான் வீட்டில் அந்தப் பேச்சு வரும்: "சரி, பூனைய யார் பாத்துக்கிறது?"

முன்பெல்லாம் இதற்குப் பதில் சுலபம். பக்கத்துப் புளோக்கில் சித்தி இருப்பார், இல்லையென்றால் எதிர்வீட்டு ஆன்ட்டி. இப்போது பலர் காசு கொடுத்து ஆள் வைக்கிறார்கள். செயலிகளிலும் சமூக ஊடகங்களிலும் தேடினால் ஆள் கிடைக்கும். தினமும் வந்து உணவு வைப்பார், மணல் தட்டைச் சுத்தம் செய்வார், செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார், உங்களுக்கு ஒரு படம் அனுப்பிவிட்டுப் போவார். இரவு தங்கிப் பார்த்துக்கொள்பவர்களும் உண்டு.

இந்தச் சேவையை இப்போது வெளிப்படையாகத் தேட முடிவதற்கு ஒரு விதிமாற்றமும் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. சிங்கப்பூரில் வீவக வீடுகளில் பூனை வளர்க்க 30 ஆண்டுகளுக்கு மேல் தடை இருந்தது. தடையை மீறி வளர்த்தவர்கள் ஏராளம். ஆனால் ஒளித்து வளர்க்கும் பூனைக்காக முன்பின் தெரியாதவரிடம் சாவி கொடுக்க யாருக்கு மனம் வரும்? 2024 செப்டம்பர் 1 முதல் ஒரு வீவக வீட்டில் இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம். உரிமமும் மைக்ரோசிப்பும் வேண்டும். ஏற்கெனவே வளர்ப்பவர்களுக்கு 2026 ஆகஸ்ட் 31 வரை அவகாசம் தரப்பட்டது.

<b>உரிமம் யாருக்கு வேண்டும்?</b>

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். காசு வாங்கிக்கொண்டு நாய், பூனைகளைத் தங்கவைக்கும் இடங்களுக்குத் தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்குநல மருத்துவச் சேவைப் பிரிவு உரிமம் தருகிறது. அவற்றுக்கான நிபந்தனைகள் 2022 ஏப்ரலில் கடுமையாக்கப்பட்டன.

2018 இறுதியில் நடந்த ஒரு சம்பவம் உங்களுக்கு நினைவிருக்கலாம். ஒரு தனியார் வீட்டில் நாய்த் தங்குமிடம் நடத்தப்பட்டது. விடுமுறை முடிந்து திரும்பிய உரிமையாளர்களால் தங்கள் நாய்களைப் பெற முடியவில்லை. ஒரு நாய் இறந்துபோனது பின்னர்தான் தெரியவந்தது. அதிகாரிகள் அந்த வீட்டிலிருந்து நாய்களை மீட்டார்கள். நடத்தியவருக்கு 2020இல் 35,000 வெள்ளிக்கும் அதிகமான அபராதம் விதிக்கப்பட்டது.

உங்கள் வீட்டுக்கு வந்துபோகும் ஆள் அந்த உரிமத் திட்டத்துக்குள் வருவதில்லை. அதனால் "எனக்கு லைசன்ஸ் இருக்கு" என்று ஒருவர் சொன்னால், எதற்கான உரிமம் என்று கேளுங்கள். "என் வீட்டுக்கே கொண்டுவந்து விடுங்க, மலிவா பாத்துக்கிறேன்" என்று சொன்னால் இன்னும் கவனம் தேவை. தொழிலாகச் செய்தால் அவருக்கு உரிமம் வேண்டும். அவருடையது வீவக வீடு என்றால் அங்கே அங்கீகரிக்கப்பட்ட வகையைச் சேர்ந்த ஒரே ஒரு நாய்தான் இருக்கலாம்.

<b>"எங்க வீட்டு அக்கா வந்து பாத்துக்குவாங்க"</b>

நண்பர் நல்ல மனத்தோடுதான் சொல்வார். அவர் வீட்டுப் பணிப்பெண் தினமும் பத்து நிமிடம் வந்து பூனைக்கு உணவு வைத்துவிட்டுப் போவார், நீங்கள் அவர் கையில் ஐம்பது வெள்ளி கொடுத்தால் போதும் என்று.

வேண்டாம். வெளிநாட்டு இல்லப் பணிப்பெண், வேலை அனுமதியில் உள்ள முதலாளிக்கு, அதில் உள்ள முகவரியில்தான் வேலை செய்யலாம். அடுத்தவர் வீட்டுக்கு வேலைக்கு அனுப்பும் முதலாளிக்கு மனிதவள அமைச்சு 10,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். முறையான அனுமதி இல்லாத வெளிநாட்டவரை வேலைக்கு வைப்பவருக்கு 5,000 முதல் 30,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம்.

அந்தப் பெண்ணின் நிலையையும் யோசியுங்கள். முதலாளி கேட்டால் மறுப்பது அவருக்குச் சுலபமா? பிரச்சினை வந்தால் நீங்கள் அபராதம் கட்டிவிட்டு வேலையைப் பார்க்கலாம். அவருக்கோ இங்கிருக்கும் வேலையே போய்விடக்கூடும், ஊரில் அந்தப் பணத்தை நம்பி ஒரு குடும்பம் இருக்கிறது. ஐம்பது வெள்ளிக்கு அவரை இந்த ஆபத்தில் தள்ளுவது நியாயமில்லை.

<b>ஏதாவது ஆகிவிட்டால்?</b>

விலங்குகள், பறவைகள் சட்டம் உரிமையாளரோடு நின்றுவிடுவதில்லை. தற்காலிகமாகப் பொறுப்பில் வைத்திருப்பவருக்கும் பராமரிப்புக் கடமை உண்டு. போதிய உணவு, தண்ணீர், இடம் தராமல் விட்டால் முதல் குற்றத்துக்கே 10,000 வெள்ளி வரை அபராதமும் 12 மாதம் வரை சிறையும் விதிக்கப்படலாம். நான்கு நாள் வெளியே போகும்போது கிண்ணம் நிறைய உணவைக் கொட்டிவிட்டு, யாரையும் வைக்காமல் போகும் உரிமையாளருக்கும் இதே கடமைதான்.

பணத் தகராறு தனி. அது ஒரு சேவை ஒப்பந்தம் என்பதால், 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கையைச் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குக் கொண்டுபோகலாம், பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுக்குள். இழப்பீட்டு வழக்கில் சட்டம் உங்கள் பூனையைச் சொத்தாகத்தான் பார்க்கும். மருத்துவச் செலவைக் கேட்கலாம், பொருள் உடைந்தால் கேட்கலாம். பத்து ஆண்டு மடியில் தூங்கியதற்கு விலை கிடையாது.

அதனால் வாட்ஸ்அப்பில் பேசியதை அழித்துவிடாதீர்கள். எத்தனை முறை வருவார், ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் இருப்பார், பெருநாள் சமயத்தில் கட்டணம் கூடுமா, அவருக்கே காய்ச்சல் வந்தால் யார் வருவார்: எல்லாம் எழுத்தில் இருக்கட்டும்.

<b>சாவி கொடுக்கும் முன்</b>

ஒரு முறையாவது நீங்கள் இருக்கும்போதே அவரை வரவழையுங்கள். பூனை கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டால் அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். இழுத்து வெளியே எடுக்கப் பார்க்கிறவரா, தரையில் உட்கார்ந்து காத்திருக்கிறவரா? பத்துப் பரிந்துரைகளைப் படிப்பதைவிட இதில் அதிகம் தெரியும்.

உயர்மாடி வீடு என்றால் ஜன்னல் வலையையும் வாசல் இரும்புக் கதவையும் காட்டுங்கள். "காத்து வரட்டுமே" என்று அவர் ஜன்னலைத் திறந்து வைத்தால் ஆபத்து. வீட்டுக்குள் கேமரா இருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். குறிப்பாக அவர் இரவு தங்குகிறார் என்றால்.

பூனை ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை என்றாலே உங்களிடம் தெரிவிக்கச் சொல்லுங்கள். ஆண் பூனை மணல் தட்டில் உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால் அது அவசர நிலை. காலை வரை காத்திருக்க முடியாது. அந்த நேரத்தில் நீங்கள் ஏழு மணி நேர விமானப் பயணத்தில் இருக்கலாம். எனவே இரவில் திறந்திருக்கும் மருந்தகத்தின் முகவரி, எவ்வளவு செலவு வரை உங்களைக் கேட்காமலே சம்மதிக்கலாம், நீங்கள் கிடைக்காவிட்டால் முடிவெடுக்கப்போகும் குடும்பத்தினர் யார் என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவிட்டுக் கிளம்புங்கள்.