நூலின் நிறமும் திரையின் நிறமும்

பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2005-06இல். பட்டை பட்டையாக ஓடும் அழுத்தமான நிறங்கள்தான் அதன் அடையாளம். இன்றைக்கு வெளியூர்க்காரர் அந்த நிறங்களை முதலில் பார்ப்பது தறியில் அல்ல, செல்போனில். அந்தப் படத்தை அதற்கு முன் யாரோ ஒருவர் மானிட்டரில் வைத்து, வெளிச்சம் கூட்டிக் குறைத்து, நிறம் திருத்தி அனுப்பியிருப்பார். அவருடைய திரை மஞ்சளடித்திருந்தால், தன்னை அறியாமலே படத்தில் நீலத்தைக் கூட்டிவிடுவார். அரக்குச் சிவப்பு நூல், வாங்குபவர் கண்ணுக்கு வேறு சிவப்பாகத் தெரியும். சரக்கு போய்ச் சேர்ந்ததும் தகராறு வரும். திரும்பி வரும் சரக்கின் நஷ்டம் கடைசியில் நெய்தவர் தலையில்தான் விழும்.

இந்த வேலைக்குப் பழைய மானிட்டர் வாங்குவதில் தப்பே இல்லை. ஐ.டி. கம்பெனிகள் சில வருடங்களுக்கு ஒருமுறை கழித்துக் கட்டும் மானிட்டர்கள்தான் சென்னை ரிச்சி தெரு மாதிரியான இடங்களில் விலைக்குக் கிடைக்கின்றன. அவற்றில் ஐ.பி.எஸ். பேனல் உள்ள ஒன்று, புதிதாக வரும் மலிவான டி.என். பேனலைவிட நிற வேலைக்கு எவ்வளவோ மேல். டி.என். பேனலில் தலையைக் கொஞ்சம் தாழ்த்தினாலே நிறம் மாறிவிடும். அதை வைத்துக்கொண்டு நிறம் திருத்தவே முடியாது.

கடைக்குப் போகும்போது வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என ஐந்து வெறும் நிறப் படங்களைப் பென் டிரைவில் கொண்டுபோனால் போதும். ஒவ்வொன்றையும் திரை முழுக்கப் போட்டால் செத்த புள்ளி, எரிந்துகொண்டே நிற்கும் புள்ளி, அழுத்தம் பட்ட தடம் எல்லாம் பளிச்சென்று தெரிந்துவிடும். பின்பக்க ஸ்டிக்கரில் தயாரித்த தேதியையும் பார்க்க வேண்டும். எல்.இ.டி. வருவதற்கு முந்தைய மானிட்டர்களின் உள்ளே மெல்லிய குழல்விளக்குகள் இருந்தன. அவை வயதாக வயதாக மங்கி மஞ்சளாகும். அப்படிப்பட்டதை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் முதல் வேலை, முன்பு வைத்திருந்தவர் மாற்றிய அமைப்புகளை எல்லாம் மானிட்டரின் மெனுவிலேயே ரீசெட் செய்வது. டைனமிக் கான்ட்ராஸ்ட், ஈகோ மோடு, கணினியின் நைட் லைட் மூன்றையும் அணைக்க வேண்டும். ரெசல்யூஷன் பேனலின் சொந்த அளவில் இருக்க வேண்டும். 1920க்கு 1080 பேனல் என்றால் அதேதான். எச்.டி.எம்.ஐ. கேபிளில் கறுப்பு சாம்பலாக வெளுத்துத் தெரிந்தால் மானிட்டர் கெட்டுவிட்டதாக நினைக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் கணினி, டி.வி.க்கான 16 முதல் 235 வரையுள்ள அளவில் சிக்னல் அனுப்பிக்கொண்டிருக்கும். அதை 0 முதல் 255 வரை என்று மாற்றினால் கறுப்பு கறுப்பாகிவிடும்.

நிறம் திருத்த உட்காருமுன் அரை மணி நேரம் திரை எரிய வேண்டும். குளிர்ந்த திரையில் செய்த திருத்தம் சூடானதும் நிற்காது. 1996இல் எச்.பி.யும் மைக்ரோசாஃப்டும் முன்வைத்த எஸ்.ஆர்.ஜி.பி. அளவுதான் இன்றும் இணையப் படங்களுக்குப் பொது அளவு. அதன்படி வெள்ளைக்கு 6500 கெல்வின் வேண்டும், காமா 2.2ஐ ஒட்டி இருக்க வேண்டும். பழைய பேனலில் நீலம் குறைந்திருந்தால் அதை மேலும் ஏற்றப் பார்ப்பது வீண். நீலத்தை உச்சத்தில் வைத்துவிட்டுச் சிவப்பையும் பச்சையையும் இறக்க வேண்டும். வெளிச்சம் கொஞ்சம் போகும், நிறம் நேராகும். கறுப்பிலிருந்து வெள்ளை வரை சாம்பல் படிகள் உள்ள படத்தைப் போட்டு, எந்தப் படியிலும் ரோஜாவோ பச்சையோ எட்டிப் பார்க்கவில்லை என்றால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

மீதிக் கிணற்றைக் கண்ணால் தாண்ட முடியாது. மஞ்சள் திரையையே கால் மணி நேரம் பார்த்தால் கண் அதையே வெள்ளை என்று ஏற்றுக்கொள்ளும். அதனால்தான் திரைமேல் வைத்து அளக்கும் கலரிமீட்டர் தேவைப்படுகிறது. அதை இயக்க டிஸ்ப்ளேகால் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. ஒவ்வொரு நிறத்தையும் அளந்து, அந்தத் திரைக்கென்றே ஒரு ப்ரொஃபைல் எழுதித் தரும். பக்கத்து மேஜைக்காரர் ப்ரொஃபைலை வாங்கிப் போட்டால் பலன் இல்லை.

அறை வெளிச்சமும் சும்மா இருப்பதில்லை. ஒரே சிட்டா நூலை டியூப் லைட்டில் பார்த்தால் ஒரு நிறம், வாசலில் வெயிலில் பார்த்தால் இன்னொரு நிறம். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பகல் வெளிச்சத்துக்கு ஒன்று, கடை வெளிச்சத்துக்கு ஒன்று என்று விளக்குகள் பொருத்திய பெட்டிக்குள் வைத்துத்தான் துணியின் நிறத்தை ஒப்பிடுகிறார்கள். வீட்டில் அவ்வளவு வேண்டாம். 6500 கெல்வின் என்று போட்ட பல்பு ஒன்றும், திரையில் ஜன்னல் வெளிச்சம் அடிக்காத மூலையும் போதும். இவ்வளவு செய்தாலும் மயில் கழுத்து நிறம் மாதிரி அடர்ந்த சில சாயங்கள் எஸ்.ஆர்.ஜி.பி. எல்லைக்குள் அடங்காது. அந்த நூலுக்குப் படத்தோடு ஒரு துண்டு மாதிரியும் தபாலில் அனுப்புவதுதான் நேர்மை.

தனி ஆள் வாங்க கலரிமீட்டர் விலை கூடுதல். ஒரு திரைக்கு மாதம் ஒருமுறை அளந்தாலே தாராளம் என்பதால், ஒரே கருவி ஊரில் பல பேருக்குக் கை மாறலாம். பவானியில் உள்ள நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் ஒன்று சேர்ந்து அதை வாங்கி, உறுப்பினர்களுக்கு முறை வைத்துக் கொடுக்க வேண்டும்.