ஊசி ஏற்றினார்கள், உண்மையைச் சொன்னார்களா?

கொரோனாவுக்கான மூன்றாம் ஊசியை நம்மவருட் பெருந்தொகையினர் போட்டுக்கொள்ளவில்லை. நாடு முழுவதையும் எடுத்துப் பார்த்தாலும் கதை இதுவே. இரண்டாம் ஊசி பெற்றவர்கள் ஒரு கோடியே நாற்பது இலட்சத்துக்கும் மேல். மூன்றாவதைப் பெற்றவர்களோ எண்பது இலட்சம் அளவில் நின்றுவிட்டனர். ஏன் என்று சுகாதாரப் பகுதியாரைக் கேட்டால் ஆயத்தமாக ஒரு விடை வைத்திருக்கின்றனர்: "சனங்களுக்கு விளக்கம் போதாது."

இவ்விடையை நாம் ஏற்க மறுக்கின்றோம். 2021 மே 30ஆந் திகதி யாழ்ப்பாண மாவட்டத்தில் சினோபாம் ஊசி ஏற்றத் தொடங்கியபோது விடியுமுன் வந்து வரிசையில் நின்றவர்கள் யார்? இதே சனங்களல்லரோ? பயணத்தடை நாட்களிற் கிழவன் கிழவியரைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்த்தவர்கள் யார்? அந்த வைகாசியில் இருந்த விளக்கம் அடுத்த தை மாதத்துக்குள் எங்கே போய் ஒளிந்துகொண்டது? குறை சனங்களிடம் இல்லை. விளக்கவேண்டியவர்கள் வாய் திறக்கவில்லை. இதுவே நாம் சாட்டும் குற்றம்.

நாமும் மூன்று ஊசிகளையும் போட்டுக்கொண்டவர்களே. ஊசிக்கு எதிரி என்று எவரும் எம்மைத் தூற்ற வேண்டியதில்லை. முதல் இரண்டு சினோபாம் ஊசிகளும் தோளில் ஒரு நாள் நோவைத் தந்ததோடு சரி. 2022 தை மாதம் மூன்றாவதாகப் பைசர் ஏற்றினார்கள். அன்றிரவே குளிர் நடுக்கம். காய்ச்சல் நூற்றிரண்டு பாகை. மறுநாட் கக்கத்திற் கட்டி போல ஒரு வீக்கம். மூன்றாம் நாள் எல்லாம் வடிந்துவிட்டது. ஊசி வேலை செய்யத் தொடங்கியதும் உடம்பு காட்டும் குறிகள் இவை என்பதும், கக்கத்தில் நிணநீர்க் கணு வீங்குவது இவ்வகை ஊசியில் அறியப்பட்ட ஒன்றே என்பதும் பின்னர் நாமாகத் தேடிப் படித்து அறிந்தவை. ஊசி போட்ட இடத்தில் ஒருவரும் இதைச் சொல்லவில்லை. வீக்கத்தைக் காட்டிக் கேட்கலாமென்று அங்கே மறுபடி போனோம். மேசையிலிருந்த இளைஞர் நிமிர்ந்தும் பார்க்காமல், "அது ஊசியாலை வந்ததில்லை ஐயா, டெங்குவாயிருக்கும், பனடோல் போடுங்கோ" என்றார். இதை எழுதிக்கொள்ளப் படிவம் ஒன்று இருக்க வேண்டுமே என்றோம். படிவம் முடிந்துவிட்டதாம்!

எமக்கு இரண்டு நாட் படுக்கை பெரிய நட்டமன்று. எம் அயலில் வெங்காயத் தோட்டம் செய்யும் ஒருவருடைய கதையைக் கேளுங்கள். அவருக்கும் அதே கிழமை அதே ஊசி, அதே காய்ச்சல். மறுநாள் அவருடைய தோட்டத்துக்கு இறைப்பு நாள். எழும்ப முடியவில்லை. கூலிக்கு ஆள் பிடித்து இறைக்கக் கையிற் காசில்லை. இரசாயன உரத்தை ஓர் இரவிலே தடைசெய்த அந்தப் பாழும் 2021இன் கடனே அவர் தலைமேல் இருந்தது. மூன்றாம் நாள் எழும்பிப் போய்ப் பார்த்தபோது நடுகை பாதி வாடிக் கிடந்தது. அவர் ஒழுங்கை முழுவதும் தம் கதையைச் சொன்னார். சொன்னதில் ஓர் எழுத்தும் பொய்யில்லை. அதன்பின் அந்த ஒழுங்கையில் ஒருவராவது மூன்றாம் ஊசிக்குப் போகவில்லை.

அவருக்கு ஊசி ஏற்றும்போது, "ஐயா, ஒரு நாள் இரண்டு நாட் காய்ச்சல் வரக்கூடும், இறைப்பு முடிந்த மறுநாள் வந்து போட்டுக்கொள்ளும்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்துவிடும்? அவர் நாளைத் தெரிந்தெடுத்திருப்பார். காய்ச்சல் வந்தபோது, சொன்னபடியே வந்தது என்று படுத்து எழும்பியிருப்பார். ஒழுங்கையாரும் போயிருப்பர். சொல்லாமல் விட்டதனால், வந்த காய்ச்சல் அவருக்கு வஞ்சகமாகத் தோன்றிற்று. "காய்ச்சல் வருமென்றால் சனம் வராது" என்று கணக்குப் போட்ட மேதாவிகள், ஒரு நாள் வரிசையை நீட்டிக்கொண்டு ஓர் ஊரின் நம்பிக்கையைத் தொலைத்தார்கள்.

இனி, காய்ச்சலுக்கும் நோவுக்கும் அப்பாற்பட்ட கடும் விளைவுகள் உண்டா? உண்டு. இதை ஒளிப்பானேன்? அஸ்ட்ராசெனெகா ஊசி, அதாவது இந்தியாவிற் செய்யப்பட்ட கொவிஷீல்ட், மிகச் சிலருக்குக் குருதியை உறையச் செய்து, அதே வேளையிற் குருதிச் சிறுதட்டுக்களையும் குறைத்துவிடும். பெரும்பாலும் முதலாம் ஊசிக்குப் பின் 4 முதல் 42 நாட்களுக்குள் இது தோன்றும். பைசரும் மொடேர்னாவும் அரிதாக இதயத்தசை அழற்சியை உண்டாக்கும். இளம் ஆண்களிடத்தில், இரண்டாம் ஊசிக்குப் பின் சில நாட்களுள் இது கூடுதலாகக் காணப்பட்டது. பெரும்பாலோர் சிகிச்சையாற் குணமடைந்தனர். எந்த ஊசியும் எவருக்கோ ஒருவருக்கு உடனடி ஒவ்வாமையைத் தரலாம். ஊசி போட்டபின் கால் மணி அல்லது அரை மணி நேரம் இருந்துவிட்டுப் போகச் சொல்வது இதற்காகவே. கதிரை போட்டு இருக்கச் சொன்னார்கள். எதற்காக என்று சொன்னவர் எத்தனை பேர்?

2021 ஏப்ரல் 21ஆந் திகதி அன்றைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி பாராளுமன்றத்திலே எழுந்து, கொவிஷீல்ட் பெற்றவர்களுள் ஆறு பேருக்குக் குருதி உறைந்ததென்றும் அவர்களுள் மூவர் மாண்டனரென்றும் தெரிவித்தார். அப்பொழுது நாட்டில் ஒன்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் முதலாம் ஊசி பெற்றிருந்தனர். ஒன்றரை இலட்சம் பேருக்கு ஒருவர் என்பது கணக்கு. கொரோனாவோ இந்நாட்டிற் பதினாறாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. சனத்தொகையிற் சுமார் ஆயிரத்து முந்நூறு பேருக்கு ஓர் உயிர். இரண்டு எண்களையும் பக்கத்திற் பக்கத்தில் எழுதிச் சந்தையடியில் ஒட்டியிருந்தால் எங்கள் கமக்காரன் வாசித்து விளங்கியிருப்பான். நெல்லுக்கும் வட்டிக்கும் கணக்குப் பார்க்கத் தெரிந்தவனுக்கு இக்கணக்குத் தெரியாதா? கடுந்தலையிடி, கால் வீக்கம், நெஞ்சு நோ, மூச்சுத் திணறல், தீராத வயிற்று நோ, இவற்றில் ஏதேனும் கண்டால் உடனே வைத்தியசாலைக்கு ஓடு என்று நாலு வரி அதன் கீழே எழுதியிருந்தால், யாரோ ஓர் உயிர் தப்பவும் கூடும். பாராளுமன்றத்திற் சொன்ன உண்மை எங்கள் ஊர்ச் சந்திக்கு வந்து சேரவில்லை.

அது வராத இடத்துக்கு வேறொன்று வந்தது. 2024இல், குருதி உறைவு மிக அரிதாக ஏற்படக்கூடும் என்று அஸ்ட்ராசெனெகா கம்பெனியார் இங்கிலாந்து நீதிமன்றப் பத்திரத்தில் ஒப்புக்கொண்ட செய்தி வெளியானது; அதே ஆண்டு மே மாதம் ஐரோப்பாவில் அவ்வூசியின் அனுமதியையும் அவர்கள் மீளக் கையளித்தனர். உடனே நம்மவர் கைத்தொலைபேசிகளில் ஒரே ஓலம்! "மறைத்த இரகசியம் அம்பலம்!" எது இரகசியம்? ஐரோப்பிய மருந்து முகமையகம் 2021 ஏப்ரல் 7ஆந் திகதியே இதைப் பக்கவிளைவாக அறிவித்துவிட்டது. எங்கள் அமைச்சரே இரண்டு கிழமை கழித்துச் சபையிற் சொன்னார். மூன்று வருடம் பழைய செய்தி எங்களவருக்குப் புதிய இடியாக விழுந்ததென்றால், அதை உரிய காலத்திற் சொல்லாமல் விட்டவர்களே பொறுப்பு.

வதந்தி வியாபாரிகளையும் நாம் விட்டுவைக்கப் போவதில்லை. ஊசி போட்டவர் எல்லாரும் இரண்டு வருடத்திற் சாவர் என்று நோபெல் பரிசு பெற்ற லுக் மொண்டாக்னியே சொன்னதாக 2021 மே மாதம் ஒரு பொய்யைக் கட்டிவிட்டார்கள். அவர் அப்படிச் சொல்லவேயில்லை. இரண்டு வருடம் போய் அதற்கு மேலும் போய்விட்டது. அதை அனுப்பியவர்களும் அதற்குப் பயந்தவர்களும் இன்று ஒரே கலியாண வீட்டுப் பந்தியில் இருந்து சாப்பிடுகின்றனர். நடிகர் விவேக்கின் மரணத்தை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று பாருங்கள். 2021 ஏப்ரல் 15ஆந் திகதி சென்னையில் அவர் ஊசி போட்டுக்கொண்டார். 17ஆந் திகதி இறந்தார். இதயக் குழாய் அடைப்பு என்று வைத்தியர்கள் அன்றே சொன்னார்கள். இந்திய நிபுணர் குழு ஆராய்ந்து, மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று அறிக்கையிட ஒக்டோபர் மாதமாயிற்று. அந்த ஆறு மாதமும் வடமராட்சி முதல் மட்டக்களப்பு வரை விவேக்கின் பெயராற் பயந்து வீட்டிலிருந்த முதியோர் உண்டு. ஆவணி புரட்டாதியில் டெல்டாக் கொரோனா வந்து நாளொன்றுக்கு இருநூறு பேரைக் கொண்டுபோன காலம் அது.

ஆனால் வதந்தி முளைக்க நிலத்தை உழுது கொடுத்தவர் யார்? கேகாலையில் ஒருவர் காய்ச்சிய பாணியை 2020 டிசம்பரிற் பகிரங்கமாகக் குடித்துக் காட்டியவர் சுகாதார அமைச்சரே. அடுத்த மாதம் அவருக்கே கொரோனா. அதற்கு முன், நோய் தீர ஆற்றிலே பானை விட்டவரும் அவரே. அடக்கம் செய்வதால் ஆபத்தில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும், 2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி வரை முஸ்லிம் சகோதரரின் சடலங்களைப் பலவந்தமாக எரித்தனர். 2024இல் மன்னிப்புக் கேட்டனர். பின்பு வந்த அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல, ஊசி முழுமையாகப் பெறாதவர் 2022 ஏப்ரல் 30 முதற் பொது இடங்களுக்குப் போகக் கூடாதென்று வர்த்தமானி வெளியிட்டார். அத்திகதி வந்தபோது நாடே எரிவாயு வரிசையிலும் பெற்றோல் வரிசையிலும் நின்றது. இலட்சக்கணக்கான பைசர் ஊசிகள் காலாவதியாகிக் குப்பைக்குப் போயின. அதே அமைச்சர் தரமற்ற இமியூனோகுளோபுலின் மருந்து விவகாரத்தில் 2024 பெப்ரவரி 2ஆந் திகதி கைது செய்யப்பட்டார். இவ்வளவும் பார்த்த சனம், அரசாங்கம் நீட்டும் ஊசியைச் சந்தேகத்தோடு பார்த்தால் அதற்குப் பெயர் அறியாமையா?

இதே நாட்டில் இதைச் சரியாகச் செய்த காலமும் இருந்தது. 2008 தொடக்கத்திற் குழந்தைகளுக்கான ஐங்கூட்டு ஊசியைத் தொடங்கினார்கள். ஐந்து குழந்தைகள் இறந்ததும் அவ்வாண்டு ஏப்ரலில் அதை நிறுத்தினார்கள். உள்நாட்டு வெளிநாட்டு நிபுணர்களைக் கொண்டு ஆராய்ந்து, 2010இல் மீண்டும் தொடங்கினார்கள். தாய்மார் ஊசியைக் கைவிடவில்லை. கிளினிக்கிலே குடும்பநல மாது பெயர் தெரிந்தவள், வீடு தெரிந்தவள், பிள்ளைக்குக் காய்ச்சல் வருமென்று முதலே சொல்லுவாள், அடுத்த மாதம் "எப்படி இருந்தது?" என்று கேட்டு எழுதுவாள். ஊசிக்குப் பிந்திய பாதிப்புகளைப் பதிவு செய்யும் முறை இந்நாட்டில் 1996 முதலே உண்டு. பிள்ளைக்குச் செய்யத் தெரிந்ததை வளர்ந்தவனுக்குச் செய்ய ஏன் மனம் வரவில்லை?

இது முடிந்துபோன கொரோனாக் கதையென்று ஒதுக்கவும் முடியாது. 2019இற் சின்னமுத்து ஒழிந்த நாடென உலக சுகாதார நிறுவனத்தாற் சான்று பெற்ற இலங்கையில், 2023இல் அந்நோய் மீண்டும் பரவிற்று. 2024 தொடக்கத்தில் ஒன்பது மாவட்டங்களிற் கைக்குழந்தைகளுக்கு மேலதிக ஊசி ஏற்ற வேண்டி வந்தது. மூன்றாம் ஊசிக் கசப்பே அதற்குக் காரணமென்று நாம் சொல்லவில்லை. பெருந்தொற்றுக் காலத்திற் கிளினிக்குகள் தடைப்பட்டதும் உண்டு. ஆனால், "பெரியவர்களுக்கே பொய் சொன்னவர்கள் பிள்ளைக்கு எதை ஏற்றுவார்களோ" என்று ஒரு பட்டதாரித் தாயே எம்மிடம் கேட்டாள். அவளுக்கு நாம் ஒரு மணி நேரம் விடை சொன்னோம். அது எமது வேலையா, சுகாதாரப் பகுதியின் வேலையா?

நட்டஈடு என்று ஒன்று இருப்பதாவது நம்மவருக்குத் தெரியுமா? ஊசியாற் கடும் பாதிப்புற்றவருக்கு யாருடைய குற்றமென்று நிரூபிக்காமலே பணம் கொடுக்கும் சட்டத்தை இங்கிலாந்து 1979இலே இயற்றியது. இன்று அத்தொகை 120,000 பவுண். கோவாக்ஸ் வழியாக வந்த ஊசிகளுக்கும் 2021இல் ஒரு நட்டஈட்டுத் திட்டம் ஏற்பட்டது; இலங்கை அதற்குரிய 92 நாடுகளுள் ஒன்று. ஜப்பான் தந்த அஸ்ட்ராசெனெகா அதன் வழி வந்தது. சீனாவிடம் விலைக்கு வாங்கிய சினோபாமுக்கு அது பொருந்தாது. வடக்கில் அநேகர் பெற்றது சினோபாமே. நாட்டின் நன்மைக்காகக் கை நீட்டிய ஒருவன், இலட்சத்தில் ஒருவனாக விழுந்தால், அவன் குடும்பத்தைத் தாங்குவது நாட்டின் கடன். சட்டம் இயற்றுவதற்கு அரசாங்கம் எந்தக் காலத்தைப் பார்த்திருக்கின்றது?

வாசகர்கள் ஒன்று செய்ய வேண்டும். ஊசி அட்டையைத் தொலைக்க வேண்டாம். அதில் ஊசியின் பெயரும் தொகுதி இலக்கமும் திகதியும் உண்டு. பாதிப்பு ஏதும் இருந்தால், எப்பொழுது தொடங்கியது, எத்தனை நாள் நின்றது, யாரிடம் காட்டியது என்பவற்றை எழுதிப் பிரதேச சுகாதார வைத்திய அதிகாரியிடம் கொடுத்து, ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வயோதிபரும் நீரிழிவுகாரரும் இனி எந்த ஊசிக்கு அழைக்கப்பட்டாலும் தம் வைத்தியரிடம் கேட்டுப் போடட்டும். வதந்திக்காரரிடம் கேட்டு நிற்க வேண்டாம். எங்கள் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும் ஒரு வேலை உண்டு. 2021 முதல் வடக்கு கிழக்கு மாகாணங்களிலிருந்து இத்தகைய முறைப்பாடுகள் எத்தனை பதியப்பட்டன, அவற்றுள் எத்தனை ஆராயப்பட்டன, முடிவு என்ன என்று சபையிற் கேட்டு, அந்த விடையைத் தமிழிலே பெற்று எங்களுக்குத் தரட்டும். இப்பத்திரத்தில் அதை அப்படியே வெளியிட இடம் ஒதுக்கி வைத்திருக்கின்றோம்.