சென்னையில் வீடு வாங்கும் வாலிபர்கள்

சென்ற வாரம் நமது காரியாலயத்திற்கு ஒரு வாலிபர் வந்திருந்தார். வயது இருபத்தெட்டு. பழைய மகாபலிபுரம் ரஸ்தாவிலுள்ள ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் உத்தியோகம். கையில் வழவழப்பான வர்ணப் புத்தகம் ஒன்று இருந்தது. அதன் அட்டையில் பதினெட்டு மாடிக் கட்டடமும், நீச்சல் குளமும், பக்கத்தில் நீல நிற ஏரியும் அச்சிடப்பட்டிருந்தன. ஒரு வீட்டிற்கு முன்பணம் கட்டப் போவதாகவும், பத்திரங்களை நாம் ஒருமுறை பார்த்துச் சொல்ல வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். வக்கீல் தொழிலும் பத்திரிகைத் தொழிலும் ஒருவரிடமே சேர்ந்துவிட்டால் இப்படிப்பட்ட காரியங்களுக்கு ஜனங்கள் வருவது வழக்கந்தான். நாம் பத்திரங்களைப் பார்க்குமுன் படத்தைப் பார்த்தோம். "இந்த ஏரி மழைக்காலத்தில் எதுவரை வருகிறது, தம்பி?" என்று கேட்டோம். அவருக்குத் தெரியவில்லை. விற்பவர்களிடம் கேட்கவும் தோன்றவில்லையாம்.

இவரைப் போன்ற படித்த வாலிபர்கள் இந்நகரில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். நல்ல சம்பளம் வாங்குகிறார்கள். அவர்களுக்குப் பெண் கொடுக்க வருகிறவர்கள் முதலில் கேட்பது சொந்த வீடு உண்டா என்பதே. பாங்கிக்காரர்களோ வேலைக்குச் சேர்ந்த ஆறாவது மாதமே கடன் தருவதாக டெலிபோனில் அழைக்கிறார்கள். இந்த இரண்டு நெருக்கடிக்கும் நடுவில் ஒரு மனிதன் தன் ஆயுளின் மிகப் பெரிய கிரயத்தை, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில், மாதிரி வீட்டின் குளிர்ந்த அறையில் உட்கார்ந்து முடித்துவிடுகிறான். ஒரு ஜதை செருப்பு வாங்குவதற்கு இதைவிட அதிக யோசனை செய்கிறோம் என்பதை யாரும் மறுக்க மாட்டார்கள்.

கணக்கைச் சற்றுப் பார்ப்போம். 50 லக்ஷம் ரூபாய் கடன், வட்டி நூற்றுக்கு 9, தவணை 20 வருஷம் என்று வைத்துக்கொண்டால், மாதந்தோறும் சுமார் 45,000 ரூபாய் கட்ட வேண்டும். முதல் மாதத் தவணையில் 37,500 ரூபாய் வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது 7,500 தான். முடிவில் கட்டி முடித்த தொகை ஒரு கோடியே எட்டு லக்ஷத்திற்குச் சற்றுக் குறையும். அதே வீட்டை வாடகைக்கு எடுத்தால் பல பேட்டைகளில் தவணையில் பாதிகூட ஆகாது. இருபத்தெட்டு வயதில் இந்தக் கடனை ஏற்றுக்கொண்டவன் நாற்பத்தெட்டு வயது வரையில் தன் எஜமானன் சொன்னதற்கெல்லாம் தலையாட்ட வேண்டியவனாகிறான். அநியாயம் கண்ட இடத்தில் வேலையை உதறிவிட்டு வருகிற தைரியம், மாதம் ஐந்தாந்தேதி தவணைக்குப் பணம் வேண்டுமென்ற நினைப்பில் கரைந்துபோகிறது. சங்கம் வைக்கவும், கூட்டத்திற்கு வரவும், பொது ஊழியத்திற்கு ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கவும் இளைஞர்கள் முன்வரவில்லை என்று நமது நண்பர்கள் குறைகூறுகிறார்கள். குறைகூறுமுன் அவர்களுடைய தவணைச் சீட்டை ஒருமுறை வாங்கிப் பார்ப்பது நல்லது.

ஆகவே வீடே வாங்கக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. வாங்குகிறவன் முதலில் பூமியைப் பார்க்க வேண்டும், கட்டடத்தைப் பிறகு பார்க்கலாம் என்கிறோம்.

சென்னை ஏரிகளின் மேல் கட்டப்பட்ட நகரம். 1920-களில் மாம்பலத்துப் பெரிய ஏரியைத் தூர்த்துத்தான் தியாகராய நகரை உண்டாக்கினார்கள். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்றைக்கும் இருக்கிறது. பார்ப்பதற்கு லேக்தான் இல்லை. நுங்கம்பாக்கத்து ஏரி இருந்த இடத்தில் 1976-இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. வேளச்சேரியில் ஏரியை வைத்துக்கொண்டு, மழை பெய்தவுடன் வீட்டிற்குள் தண்ணீர் வந்துவிட்டதே என்று ஆச்சரியப்படுகிறோம்! பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பெரும்பகுதியைக் குப்பைமேடும், ரஸ்தாக்களும், கம்பெனிக் கட்டடங்களும், சர்க்கார் ஸ்தாபனங்களுங்கூட விழுங்கியபின், மிஞ்சிய சுமார் 1,250 ஹெக்டேருக்கு 2022-இல் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் சர்வதேச மதிப்புக் கிடைத்தது. சதுப்பு நிலமோ தன் பழைய எல்லையை மறக்கவில்லை. 2015 டிசம்பர் முதல் தேதி இரவு அடையாறு பெருகிக் கோட்டூர்புரத்திலும், சைதாப்பேட்டையிலும், ஜாபர்கான்பேட்டையிலும், முடிச்சூரிலும் மாடிவரை ஏறியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியும், பள்ளிக்கரணையும், பெரும்பாக்கமும் நாட்கணக்கில் தண்ணீரில் நின்றன. இந்த இரண்டு தேதிகளையும் கையில் வைத்துக்கொண்டு, வாங்கப்போகும் தெருவிலுள்ள இஸ்திரிக்காரரிடமும், பலசரக்குக் கடைக்காரரிடமும் போய்க் கேளுங்கள். தண்ணீர் நின்ற உயரத்தைச் சுவரில் கையை வைத்துக் காட்டுவார்கள். அவர்களுக்குக் கமிஷன் கிடையாது.

இன்னொரு தேதியும் உண்டு. 2019 ஜூன் மாதத்தில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வற்றிப்போயின. கம்பெனிகள் தங்கள் உத்தியோகஸ்தர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னது நோய்க்காலத்தில்தான் ஆரம்பித்ததென்று பலர் நினைக்கிறார்கள். பழைய மகாபலிபுரம் ரஸ்தாவில் அதற்கு முன்பே, கைகழுவத் தண்ணீர் இல்லாமல் சில கம்பெனிகள் அப்படிச் சொல்லின. டிசம்பரில் முழங்கால் ஜலமும், ஜூனில் லாரித் தண்ணீருமாக உள்ள இடங்கள் இந்நகரில் பல. அடுக்கு வீட்டின் காவற்காரரிடம், சித்திரை மாதத்தில் ஒரு நாளைக்கு எத்தனை லாரி வருகிறது என்ற ஒரே கேள்வியைக் கேட்டால் போதும். வர்ணப் புத்தகம் முழுவதும் சொல்லாததை அவர் சொல்லிவிடுவார்.

இனிப் பத்திரங்களின் விஷயம். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016-இல் இயற்றப்பட்டு 2017 மே முதல் முழுமையாக அமலுக்கு வந்தது. அதன்படி, கிரய ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யுமுன் விலையில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. வாங்குகிறவர்களிடம் பெற்ற பணத்தில் நூற்றுக்கு எழுபதைத் தனிக்கணக்கில் வைத்து அந்தக் கட்டடத்தின் நிலத்திற்கும் வேலைக்குமே செலவிட வேண்டும். சாவி கொடுத்து ஐந்து வருஷத்திற்குள் கட்டுமானத்தில் பழுது தெரிந்தால் கட்டினவரே செலவின்றிச் சரிசெய்து தர வேண்டும். சுவருக்குள் அடங்கிய உபயோகப் பரப்பு எவ்வளவு என்று வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். மாடிப்படியையும், லிப்டையும், நடைபாதையையும் சேர்த்துச் சதுரஅடிக் கணக்கை ஊதிவிடும் பழைய தந்திரம் சட்டப்படி செல்லாது. நல்ல சட்டந்தான். ஆனால் இதில் ஒரு சந்து இருக்கிறது. 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலத்திலோ, எட்டு வீடுகளுக்கு மேற்படாமலோ கட்டினால் பதிவு செய்ய வேண்டியதில்லை. மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் பழைய வீட்டை இடித்துக் கட்டும் இரண்டு கிரவுண்டு மனை என்பது 4,800 சதுர அடி, அதாவது சுமார் 446 சதுர மீட்டர். ஆகவே, பெரிய கம்பெனிகளுக்குப் பயந்து, "பழைய பேட்டை, தெரிந்த மேஸ்திரி, எட்டே வீடு" என்று பத்திரமாக ஒதுங்குகிறவர்தாம் பல சமயங்களில் இந்தச் சட்டத்தின் குடைக்கு வெளியே நிற்கிறார்!

வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறதென்று திருப்தியடைந்துவிடுகிறவர்கள் ஏராளம். பதிவான காரியங்களை மட்டுமே அது காட்டும். பதிவாகாத உயிலையும், பாகம் கேட்டுக் கோர்ட்டில் நடக்கும் வியாஜ்யத்தையும், கல்யாணமாகிப் போன சகோதரியின் பாத்தியதையையும் அதில் காண முடியாது. மூலப்பத்திரத்திலிருந்து வரிசையாகப் படித்துப் பார்க்க வேண்டும். 'பவர்' பெற்றவர் கையெழுத்திட்டு விற்கிற இடங்களில், பவர் கொடுத்த மனிதர் உயிரோடிருக்கிறாரா என்று விசாரிக்க வேண்டும். கொடுத்தவர் காலமானால் பொதுவாக அதிகாரமும் அவருடன் போய்விடுகிறது. நமது கட்சிக்காரர் ஒருவர் இதை விசாரிக்காமல் பணம் கொடுத்துவிட்டு ஒன்பது வருஷம் கோர்ட்டுக்கு நடந்தார். அவ்வளவு காலமும் பாங்கித் தவணை நிற்கவில்லை.

பிரிபடாத பாகத்தைப் பற்றி இளைஞர்கள் கேட்பதேயில்லை. அடுக்கு வீட்டில் நாம் வாங்குவது கொஞ்சம் செங்கல்லும் கொஞ்சம் நிலமும். நாற்பது வருஷத்தில் செங்கல்லின் மதிப்புப் போய்விடும். நிலத்தின் பாகந்தான் மிஞ்சும். 2019-ஆம் வருஷத்துக் கட்டட விதிகளின்படி சாதாரணக் கட்டடங்களுக்கு நிலத்தைப்போல் இரண்டு மடங்கு கட்ட அனுமதியுண்டு. உயர்ந்த மாடிக் கட்டடங்களுக்கு 3.25 மடங்கு வரை. ஆகவே ஆயிரம் சதுரஅடி வீட்டிற்கு முன்னதில் ஏறக்குறைய 500 அடி நிலம் பாகமாக வரலாம். பின்னதில் 300 அடி வருவதே அரிது. பதினெட்டாவது மாடியிலிருந்து கடல் தெரியும் என்பது வாஸ்தவம்; ஆனால் கடல் பத்திரத்தில் சேராது.

வரப்போகிற ரயிலுக்கு இன்றைக்கே விலை கொடுப்பதும் இப்பொழுது பழக்கமாகிவிட்டது. மெட்ரோவின் இரண்டாங்கட்டம் 118.9 கிலோமீட்டருக்குத் திட்டமிடப்பட்டது. நல்ல காரியம், நகரத்திற்கு வேண்டியது. எனினும் வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு ஐந்தே கிலோமீட்டர் பறக்கும் ரயில் பாதை, 2008-இல் தொடங்கி, சுமார் அரைக் கிலோமீட்டர் நிலத்து வியாஜ்யங்களால் பதினைந்து வருஷத்திற்கு மேல் இழுபட்டதை நினைவில் வைக்க வேண்டும். அந்த ரயிலை நம்பி வாங்கினவர்களுடைய குழந்தைகள் பள்ளிக்கூடப் படிப்பை முடித்துவிட்டார்கள்.

அண்டைவீட்டாரைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட மனமில்லை. இந்நகரின் எத்தனையோ வாசல்களில் 'சைவர்களுக்கு மட்டும்' என்று இன்னமும் பலகை தொங்குகிறது. பலகையில்லாத இடங்களில் தரகர் பெயரைக் கேட்டே பதில் சொல்லிவிடுகிறார். முஸ்லிம் வாலிபருக்கும், தாழ்த்தப்பட்ட வகுப்பு வாலிபருக்கும், தனியாக வசிக்கும் பெண்ணுக்கும் 'வீடு நேற்றே போய்விட்டது.' அரசியல் சட்டத்தின் 15-ஆவது ஷரத்து கடைகளையும், கிணறுகளையும், ரஸ்தாக்களையும் பேர் சொல்லி எல்லோருக்கும் திறந்துவிட்டது. வாடகை வீட்டைப் பேர் சொல்லவில்லை. ஆமதாபாத்திலுள்ள ஒரு பார்சி கூட்டுறவு வீட்டுச் சங்கம் தன் மதத்தாரை மட்டுமே அங்கத்தினராக்கலாமென்ற விதியை 2005-இல் உச்ச நீதிமன்றமே செல்லுமென்று தீர்ப்பளித்தது. சட்டத்தில் அந்தத் தீர்ப்புக்கு எவ்வளவு நியாயம் இருந்தாலும், நமக்கு அதில் உடன்பாடில்லை. 'நம்மவர்கள் மட்டும்' என்று தரகர் ரகசியமாகப் புகழும் கட்டடத்தில் படித்த வாலிபன் எந்த முகத்தோடு குடியேறுவான்?

அதைவிடக் கொடியது இன்னொன்று. ஆற்றங்கரையில் இருந்தால் வெள்ளத்தில் ஆபத்தென்று ஏழைக் குடும்பங்களைப் பெயர்த்துக் கொண்டுபோய்ப் பெரும்பாக்கத்தில் எட்டு மாடிகளில் குடிவைத்தார்கள். அதுவும் வெள்ளம் புகுகிற சதுப்பு நிலத்தின் ஓரந்தான். அவர்களுக்கு எந்தப் பேட்டையென்று தேர்ந்தெடுக்கும் பாக்கியம் கிடைக்கவில்லை. தேர்ந்தெடுக்க முடிந்தவர்களாவது கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்டால், பதில் சொல்ல வேண்டியவர்கள் பதில் சொல்லத் தொடங்குவார்கள். சென்னை மாநகராட்சியில் 2016 அக்டோபர் முதல் 2022 தேர்தல் வரையில் ஐந்து வருஷத்திற்கு மேல் ஒரு கவுன்ஸிலரும் கிடையாது. மழைநீர் வாய்க்காலும் குப்பையும் குடிநீரும் உத்தியோகஸ்தர் கையில் கிடந்தன. இந்த அக்கிரமத்தைப்பற்றி அடுக்கு வீட்டுச் சங்கங்கள் எத்தனை தீர்மானம் போட்டன? லிப்டுக் கட்டணத்தைப்பற்றி நடுநிசிவரை சண்டையிட்டவர்கள், தங்கள் வட்டத்திற்குப் பிரதிநிதி இல்லையென்பதையே கவனிக்கவில்லை.

சர்க்காரை நாம் கேட்பது ஒன்று. 2015-லும் 2023-லும் எந்தத் தெருவில் எத்தனை அடி தண்ணீர் நின்றதென்பதைச் சர்வே எண் வாரியாக எழுதி, ஒவ்வொரு சார்பதிவாளர் காரியாலயத்திலும் ஜனங்கள் பார்க்கும்படி வைக்க வேண்டும். வில்லங்கச் சான்றிலேயே அதையும் ஒரு வரியாகச் சேர்க்க வேண்டும். வெள்ளத்தைவிடப் பெரிய வில்லங்கம் ஒரு வீட்டிற்கு என்ன இருக்கிறது?

மேற்படி வாலிபர் நமது யோசனையின்பேரில் முன்பணத்தை நிறுத்தி வைத்திருக்கிறார். அந்தப் பேட்டையிலேயே ஒரு சிறிய வீட்டை வாடகைக்கு எடுத்து, ஐப்பசி கார்த்திகை மழையையும், அடுத்த சித்திரை வெயிலையும் பார்த்துவிட்டு முடிவுசெய்வதாக உத்தேசம். தகப்பனாருக்கு இதில் வருத்தம். கட்டடக் கம்பெனியிலிருந்தோ, இந்த விலை வெள்ளிக்கிழமை வரையில்தான் என்று தினம் இரண்டு தடவை டெலிபோன் வருகிறதாம். மூன்று வெள்ளிக்கிழமைகள் போய்விட்டன.