இல்லாதது அட்டையன்று, பெயர்

லினக்ஸைப் பற்றிப் பேச்செடுத்தாலே நண்பர்கள் சிலருக்குப் பொற்கால ஏக்கம் வந்துவிடுகிறது. 'ஈத்0' என்று அழகாக இருந்த பெயரை ஒழித்து, 'இஎன்பி3எஸ்0' என்று வாயில் நுழையாத ஒன்றைத் திணித்துவிட்டார்களாம். 'ஈத்0 என்னும் சாதனம் இல்லை' என்று திரை சொன்னால், இவர்கள் கூறும் மருந்து ஒன்றே: கெர்னலுக்கு ஒரு வரி எழுதிப் புதிய பெயர் முறையை அணைத்துவிடு. இது மருந்தன்று, பூச்சு.

முதலில் அந்தப் பிழைச்செய்தியை ஒழுங்காகப் படிப்போம். பிணைய அட்டை கணினிக்குள் பத்திரமாகத்தான் இருக்கிறது. பழைய கையேட்டைப் பார்த்து எழுதிய அமைப்புக் கோப்பு ஈத்0 என்கிறது. கெர்னல் அந்த அட்டையை வேறு பெயரால் அறிந்திருக்கிறது. இல்லாதது பெயர், செய்தியோ பொருளையே இல்லை என்கிறது. அதை நம்பிப் புது அட்டை வாங்குவோரும், இயங்குதளத்தையே மீண்டும் நிறுவுவோரும் உண்டு.

நன்னூல் படித்தவர்களுக்கு இடுகுறியும் காரணப்பெயரும் புதியனவல்ல. ஈத்0 என்பதில் 'ஈத்' ஈதர்நெட்டைச் சுட்டும். ஆனால் 0 என்னும் எண்ணுக்கு, கெர்னலின் கண்ணில் முதலில் பட்டது என்பதைத் தவிர வேறு காரணமில்லை. இஎன்பி3எஸ்0 காரணப்பெயர்: ஈதர்நெட் அட்டை, மூன்றாம் பிசிஐ பாட்டை, பூச்சியமாம் செருகிடம். பெயரே முகவரி.

பொற்காலத்தின் இலட்சணம் என்ன? இரண்டு அட்டைகள் இருந்தால், மறுதொடக்கத்தில் அவை பெயர் மாறிக்கொள்ளக்கூடும். உள்வலைக்கு எழுதிய தீச்சுவர் விதி வெளிவலைக்குப் போய்விடும். இதைத் தடுக்கப் பெயரை அட்டையின் மேக் முகவரியோடு கட்டினார்கள். விளைவு? 2010இல் வந்த ரெட் ஹாட் 6இல் மெய்நிகர் கணினியொன்றைப் படியெடுத்தால், புதிய மேக் முகவரி கொண்ட அட்டை ஈத்1 ஆயிற்று. ஈத்0 காணவில்லை என்ற அதே ஓலம் எழுந்தது. ஆக, இந்தப் பிழை பொற்காலத்தின் பிள்ளை. 2013இல் சிஸ்டம்டி 197 கொண்டுவந்த புதிய முறையை உபுண்டு 2015இலும் டெபியன் 2017இலும் ஏற்றது இந்தத் தொல்லைகளுக்குத் தீர்வு தேடித்தான்.

புதிய முறையிலும் குறையுண்டு. வேறொரு அட்டையைச் செருகினால் பாட்டை எண் மாறி, 3 என்பது 4 ஆகலாம். அப்போதும் செய்யவேண்டியது எளிது: 'ஐபி லிங்க்' என்று கேட்டால் கணினி தன்னிடமுள்ள பெயர்களைச் சொல்லும். அமைப்புக் கோப்பில் உள்ள பெயரை அதனோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள். இரண்டு நிமிட வேலை.

பாடபேதம் கண்டால் மூலச்சுவடியைத் தேடுபவர்கள் நாம். கணினி முன் அமர்ந்ததும் அந்தப் பழக்கத்தை ஏன் கைவிடவேண்டும்? பெயர் பொருந்தவில்லையெனில் பொருளைப் போய்ப் பாருங்கள். பழம்பெயரை ஒட்டவைத்துவிட்டுச் சரிசெய்தேன் என்று சொல்லாதீர்கள்.